வேட்டி நுழையாத வீடு

பிரகாஷுக்கு நாற்பத்திரண்டு வயது. கல்யாணமாகி, காதோரம் நரைத்து, மூக்குக்கண்ணாடியும் போட்டாகிவிட்டது. அப்படிப்பட்ட மனுஷன் அந்த ஜனவரி மாதம்வரை இடுப்பில் ஒரு வேட்டியைச் சுற்றிப் பார்த்தது கிடையாது.

காரணம் அவன் அப்பா ராஜேந்திரன். நைனா என்றுதான் கூப்பிடுவான். ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டி ரிட்டயர் ஆனவர். ஆஸ்டின் டவுனில் முனைக் கடைக்குப் பால் பாக்கெட் வாங்கப் போனாலும் இஸ்திரி போட்ட பேண்ட், உள்ளே செருகிய சட்டை, பாலீஷ் போட்ட ஷூ. சில வீடுகளில் மாட்டுக்கறி நுழையாது, சில வீடுகளில் பன்றிக்கறி நுழையாது. அந்த வீட்டில் வேட்டி நுழையாது. சின்ன வயதில் ஏன் என்று கேட்டதற்கு, "நம்ம வீட்ல அது கிடையாது" என்று சொல்லிவிட்டு ரேடியோவைத் திருகப் போய்விட்டார். அதற்குமேல் அவரிடம் யார் கேட்பது?

பிரகாஷின் கல்யாணமும் கோட்டில்தான் நடந்தது. மே மாத வெயிலில், புத்தர் படத்துக்கு முன்னால், கழுத்தை இறுக்கும் டையோடு வேர்த்து ஒழுகிக்கொண்டு நின்றான். பக்கத்தில் வெள்ளைச் சேலையில் சோனியா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. வந்திருந்த சொந்தக்காரர்களில் பாதிப் பேர் கோட்டு. யாருக்கும் அது வெள்ளைக்காரன் உடுப்பாகத் தோன்றவில்லை. விசேஷத்துக்குப் போடுவது அது, அவ்வளவுதான்.

வேலை தொம்மலூரில், கண்ணாடி போட்ட ஒரு கட்டடத்தில். ஏசி ஓடவில்லையா, நாற்காலி ஆடுகிறதா, பாத்ரூமில் குழாய் சொட்டுகிறதா, பிரகாஷைக் கூப்பிடு. கம்ப்யூட்டர் தட்டுகிறவர்கள் எல்லோரும் அரைக்கால் சட்டையிலும் ஜீன்ஸிலும் வருவார்கள். ஒருவரை ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிடவேண்டும் என்பது அங்கே சட்டம். பிரகாஷுக்கு மட்டும் அது வாயில் வராது. தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவளான அனுஷாவையும் மேடம் என்பான். அவள் அங்கே ஹெச்ஆர். திருச்சிப் பெண், நல்ல பெண், யாரிடமும் முகம் சுளித்துப் பேசாதவள்.

அவனுக்கு அந்த ஆபீஸில் ஒரே ஒரு குறை உண்டு. வெளியே சொன்னால் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும் என்று சோனியாவிடம்கூட ரொம்ப நாள் சொல்லாமல் வைத்திருந்தான். தீபாவளி, கிறிஸ்துமஸ், ஆண்டு விழா என்று எத்தனையோ படங்கள் ஆபீஸ் சுவரில் தொங்குகின்றன. அவன் போட்ட நாற்காலி, அவன் கட்டவைத்த பலூன் எல்லாம் அவற்றில் இருக்கும். அவன் இருக்கமாட்டான். படம் எடுக்கும் நேரத்தில் யாராவது ஜெனரேட்டர் பக்கம் துரத்திவிட்டிருப்பார்கள்.

ஜனவரி பிறந்தால் தொம்மலூர் ஆபீஸ்களுக்குத் திடீரென்று கலாசாரம் ஞாபகம் வந்துவிடும். வருஷம் முழுக்க பர்கர் தின்கிறவர்கள் ஒரு நாள் மத்தியானம் வாழை இலை தேடுவார்கள். அந்த வருஷம் தலைமை ஆபீஸிலிருந்து பெரிய வெள்ளைக்காரர் வேறு வருகிறார். அனுஷா பிரகாஷைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"இந்தத் தடவை நீங்கதான் அவரை ரிசீவ் பண்றீங்க, பிரகாஷ். இலையில முதல் பரிமாறலும் நீங்க. க்ரூப் போட்டோல சென்டர்ல நிக்கணும். மத்தவங்க எல்லாம் நேத்து வந்தவங்க. நீங்கதான் இந்த ஊர்லயே பொறந்த தமிழ். ட்ரெடிஷனலா வாங்க, ப்ளீஸ்."

பிரகாஷுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. "கோட்டு போட்டுனு வந்துடவா மேடம்? கல்யாணத்துக்குத் தச்சது, நல்லா இருக்குது" என்றான்.

அனுஷா சிரித்துவிட்டாள். கேலிச் சிரிப்பு இல்லை. நிஜமாகவே அவன் ஜோக்கடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். "கோட்டு வெஸ்டர்ன் ஆச்சே. உங்க கல்ச்சர்ல இருக்கறதைப் போட்டுட்டு வாங்க. வேட்டி சட்டை."

அங்கேதான் குழப்பம் ஆரம்பித்தது. பஸ்ஸில் வரும்போது யோசித்தான், இறங்கி நடக்கும்போதும் யோசித்தான். நைனா போட்டது கோட்டு. வீட்டில் இருக்கிற தாத்தாவின் ஒரே போட்டோவிலும் கோட்டு. நடுக்கூடத்தில் மாட்டியிருக்கும் அம்பேத்கர் படத்திலும் கோட்டு. மூன்று தலைமுறையாகப் போட்டுக்கொண்டிருப்பது தன்னுடையது இல்லையாம். கட்டவே கட்டாதது தன்னுடையதாம். அந்தப் பெண் சொல்வதில் தப்பு எங்கே இருக்கிறது என்றும் தெரியவில்லை, சரி எங்கே இருக்கிறது என்றும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் நைனாவிடம் மெதுவாக எடுத்தான். "ஆபீஸ்ல பொங்கலுக்கு வேட்டி கட்டினு வரச் சொல்றாங்க நைனா."

ராஜேந்திரன் பேப்பரை மடித்தார். "நீ இன்னா சொன்ன?"

"யோசிச்சி சொல்றேன்னு."

"இதுல யோசிக்க இன்னா இருக்குது? கட்டணும்னா கட்டிக்கோ. அப்புறம் எங்கிட்ட வந்து மூஞ்சி குடுத்துப் பேசாதே."

சோனியா அடுப்படிக்கு இழுத்துப் போய்ச் சொன்னாள். "ஏங்க, ஒரு நாள் கூத்துக்கு அந்த மனுஷனை ஏன் பேஜார் பண்றீங்க? முடியாதுன்னு சொல்லிடுங்க."

"சொன்னா போட்டோல வேற ஆளு நிப்பான்."

"நிக்கட்டுமே."

அப்போதுதான் சுவர்ப் படங்களின் கதையை அவளிடம் சொன்னான். அவள் பருப்பைக் கிளறிக்கொண்டே, "அப்ப மாமாவுக்குத் தெரியாம கட்டுங்க" என்றாள்.

மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸில் ஒரு கடைக்குப் போனார்கள். கடைக்காரர் ஏழெட்டு வேட்டிகளை விரித்துப் போட்டு, "உங்க சைடுல எந்தக் கரை சார் கட்டுவீங்க? பச்சையா, மயில்கண்ணா?" என்று கேட்டார். பிரகாஷ் சோனியாவைப் பார்த்தான். சோனியா மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தாள். கடைசியில் அவரே இவன் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, இடுப்பில் ஒட்டிக்கொள்கிற வகையில் ஒன்றைக் கொடுத்து, கூடவே அதே கரையில் ஒரு துண்டும் வைத்தார். தன் பாரம்பரியம் ஒட்டுப்பட்டையோடு ஒரு பாலிதீன் பைக்குள் அடங்கியதைப் பார்த்து பிரகாஷுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று விளங்கவில்லை.

விழா அன்று பேண்ட் சட்டையில் வீட்டைவிட்டுக் கிளம்பி, ஆபீஸ் பாத்ரூமில் மாற்றிக்கொண்டான். இருபது வருஷம் குழாய் மாட்டிய பாத்ரூமில் ஒரு திருடனைப்போல நின்று கண்ணாடியைப் பார்த்தான். வேட்டி அவனுக்கு நன்றாகத்தான் இருந்தது. அதுவே அவனுக்குச் சங்கடமாகவும் இருந்தது.

வெள்ளைக்காரர் லிஃப்டிலிருந்து இறங்கினார். அவரும் வேட்டி. கீழே ஓட்டப்பந்தய ஷூ, மேலே பெல்ட். எல்லோரும் கைதட்டினார்கள். பிரகாஷ் சந்தனம் வைத்தான், மாலை போட்டான். அவர் இவன் கையைப் பிடித்துக் குலுக்கி, "என்னைப் பேர் சொல்லியே கூப்பிடு" என்று இங்கிலீஷில் சொன்னார். பிரகாஷ், "ஓகே சார்" என்றான்.

தரையில் ஜமக்காளம் விரித்து இலை போட்டிருந்தார்கள். பிரகாஷ் சர்க்கரைப் பொங்கல் வாளியோடு குனிந்தான். தோளில் இருந்த துண்டு சரிந்து முன்னால் விழுந்தது. தூக்கிப் போட்டான், மறுபடி சரிந்தது. மூன்றாவது தடவை பொங்கலுக்குள்ளேயே விழப் பார்த்தது. வாளியைக் கீழே வைத்து, துண்டை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு பரிமாறினான். "வாவ், செம அத்தென்டிக்" என்று யாரோ சொன்னார்கள். ஃபோட்டோக்காரர் இன்னொரு தடவை குனியச் சொன்னார். குனிந்தான். வெள்ளைக்காரர் இலைக்கு முன்னால் உட்கார்ந்து அவனை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்.

சாயங்காலத்துக்குள் அந்தப் படம் கம்பெனியின் இணையப் பக்கத்தில் ஏறிவிட்டது. நட்டநடுவில் பிரகாஷ். பெரிதாக்கிச் சுவரில் மாட்டப்போவதாக அனுஷா செய்தி அனுப்பினாள். மறுபடி பேண்ட் சட்டைக்கு மாறிக்கொண்டு, பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே அதை எத்தனை தடவை பார்த்தான் என்று அவனுக்கே தெரியாது. சந்தோஷம் தலைக்கேறினால் புத்தி வேலை செய்யாது. தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படத்தைத் தூக்கிப் போட்டான். நைனாவிடமும் ஸ்மார்ட்ஃபோன் உண்டு, தெருவில் இருக்கிற அத்தனை பேர் ஸ்டேட்டஸையும் ஒன்றுவிடாமல் பார்ப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு என்பது வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றும்போதுதான் ஞாபகம் வந்தது.

ராஜேந்திரன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் ஃபோன். சோனியா கண்ணாலேயே, பார்த்துவிட்டார் என்றாள். பேசமாட்டார் என்றுதான் பிரகாஷ் நினைத்தான். மூஞ்சி குடுத்துப் பேசாதே என்றவர் ஆயிற்றே. அவர் கூப்பிட்டார்.

"இங்க வா."

இரண்டு விரலால் படத்தை இழுத்துப் பெரிதாக்கியிருந்தார். திரையில் வேட்டி இல்லை, மாலை இல்லை, வெள்ளைக்காரரும் இல்லை. பிரகாஷின் இடுப்பும் அதைச் சுற்றிக் கட்டிய துண்டும் மட்டும் இருந்தன.

"யாரு கட்டச் சொன்னது?"

"ஹெச்ஆர் மேடம்தான் நைனா. எல்லாருமே வேட்டிதான்..."

"வேட்டிய வுடு. துண்ட இடுப்புல யாரு கட்டச் சொன்னது?"

பிரகாஷுக்கு ஒன்றும் புரியவில்லை. வேட்டிக்குத்தான் திட்டு விழும் என்று வழி நெடுக வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தான். யாராவது சொல்லியிருந்தால் இவருக்குக் கோபம் வருமா, யாரும் சொல்லவில்லை என்றால் வருமா? உண்மையையே சொன்னான்.

"யாரும் சொல்லல. சரிஞ்சி சரிஞ்சி வுழுந்துச்சி. நானேதான் கட்டினேன்."

கிழவர் ஃபோனைத் தொடைமேல் கவிழ்த்து வைத்தார். கோபம் வரவில்லை. வந்திருந்தால் பிரகாஷுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"எங்க நைனா, உன் தாத்தா, அவரு ஊர்ல பெரிய தெருவுல நடந்தா தோள்ல துண்டு இருக்கக் கூடாது. எதிர்ல ஆளு வந்தா எடுத்து இடுப்புல கட்டிக்கினு, குனிஞ்சி நிக்கணும். கட்டலன்னா அடி. அது தாங்காமத்தான் இங்க வந்து ஒரு பங்களாவுல தோட்ட வேலைக்குச் சேந்தாரு. இந்த ஊர்ல யாரும் அவரைக் கட்டச் சொல்லல. யாரு சொல்லப் போறான்? ஆனா அந்த ஐயா கார்லேர்ந்து இறங்கினா, அவரு கை தானா தோளுக்குப் போவும். துண்ட எடுத்து இடுப்புல கட்டிடும். நான் சின்னப் பையன், பக்கத்துல நிப்பேன். எனக்கு மானம் போவும். இங்க எதுக்குக் கட்டுறேன்னு கேப்பேன்."

பிரகாஷ் அவர் முகத்தையே பார்த்தான். இந்தக் கதையை அவர் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட வாய் திறந்து சொன்னதில்லை.

"மொத சம்பளத்துல அவருக்குக் கோட்டு தச்சேன். கோட்டுமேல எவனும் துண்டு போடமாட்டான் பாரு. போட்டாத்தானே எடுத்துக் கட்டணும்."

பிரகாஷின் சட்டைப் பையில் ஃபோன் விட்டுவிட்டு அதிர்ந்துகொண்டிருந்தது. ஆபீஸ்காரர்கள் படத்துக்கு இதயக்குறியும் கைதட்டலும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எடுத்து அணைக்கத் தோன்றவில்லை. அனுஷாமேல் கோபப்படலாமா என்று பார்த்தான், முடியவில்லை. அந்த வெள்ளைக்காரர்மேலும் முடியவில்லை. இலைக்கு முன்னால் உட்கார்ந்து சிரித்ததைத் தவிர அந்த ஆள் என்ன செய்தார்?

"எதுக்குக் கட்டுறேன்னு நீ கேட்டதுக்கு தாத்தா இன்னா சொன்னாரு?" என்றான்.

ராஜேந்திரன் மகனை நிமிர்ந்து பார்த்தார். "நீ சொன்னதுதாண்டா. யாரும் சொல்லல, நானேதான் கட்டினேன்னாரு."

பிரகாஷின் கை தன்னையறியாமல் இடுப்புக்குப் போயிற்று. பெல்ட்தான் இருந்தது.