பெரியவர் சாப்பிட்டாரா?

எண்பதுகளின் நடுப்பகுதியில், கோலாலம்பூருக்கு வெளியே இருந்த ஒரு விலங்குப் பூங்காவின் மருத்துவப் பிரிவில் எழுத்தராக இருந்தேன். நான் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸிலிருந்து இரண்டு பேருந்துகள் மாறிப் போக வேண்டும்.

அன்று ஓர் ஆண்புலிக்கு அழுகிய கோரைப்பல்லைப் பிடுங்க ஏற்பாடாகியிருந்தது. மயக்க மருந்து கொடுக்குமுன் அதன் வயிறு ஒரு நாள் முழுக்கக் காலியாக இருக்க வேண்டும். இல்லையேல் மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சுக்குழாயில் இறங்கி, உயிரே போகலாம். பட்டினி போட்டாயிற்றா என்று கேட்டுப் படிவத்தில் எழுதுவது என் பொறுப்பு.

புலியைப் பராமரித்தவர் செந்தூல்காரர், ஐம்பதைக் கடந்தவர். புலி என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லமாட்டார். சொன்னால் அதற்குக் கேட்டுவிடுமாம். காட்டோரக் கம்பங்களில், அதாவது கிராமங்களில், இருந்த மலாய்க்காரர்களிடம் பழகியதில் வந்த வழக்கம் அது. ‘பெரியவர்’ என்பார். அவருக்காக நானும் அப்படியே சொல்லப் பழகியிருந்தேன்.

“அண்ணே, பெரியவர் சாப்பிட்டாரா?”

“எங்க தங்கச்சி, நேத்துலேர்ந்து ஒண்ணும் தொடலயாம். முகமே வாடிப்போச்சு.”

‘உணவு இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

மருத்துவர் யாழ்ப்பாணக் குடும்பத்தவர். ஊதுகுழாயில் மருந்தூசியைப் பொருத்திக் கூண்டுக் கம்பியருகே நின்றார். பின்னாலிருந்து பராமரிப்பாளர், “பாத்து ஊதுங்க டாக்டர். உங்களுக்குச் சஷ்டி விரதம், வயித்துல காத்துகூட இருக்காது. உள்ள இருக்கறவராச்சும் காலையில கோழி தின்னுட்டுத் தெம்பா படுத்திருக்காரு” என்றார்.

வாயருகே போன குழாய் இறங்கியது.

“ஆர் கோழி சாப்பிட்டது?”

முந்தைய நாள் விடுப்பில் இருந்த பராமரிப்பாளருக்குப் பட்டினி உத்தரவு எட்டவில்லை. மருத்துவரையும் அவர் ‘பெரியவர்’ என்றே சொல்வார் என்பது எனக்குத் தெரியும். கேட்டபோது அது நினைவில் வரவில்லை; நான் புலியைக் கேட்க, அவர் மருத்துவரைச் சொல்லியிருக்கிறார்.

மருத்துவர் படிவத்தைப் பார்த்தார், பிறகு என்னை. “நாளைக்குப் பின்னேரம் செய்வம். இதைத் திருத்தி எழுதும், பிள்ளை.” அவ்வளவுதான். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள், “அண்ணே, புலி சாப்பிட்டுச்சா?” என்று கேட்டேன். அவர் கூண்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “மெதுவா பேசு லா” என்றவர், குரலைத் தாழ்த்தி, “புலி சாப்பிடல” என்றார். அந்தச் சொல்லைச் சொல்ல அவர் எவ்வளவு தயங்கினார் என்பதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பல் கழன்று வந்துவிட்டது. இருட்டுமுன் புலி தள்ளாடி எழுந்து நின்றது.

அவரைச் சங்கடப்படுத்தியதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. ஆனால் அந்தச் சங்கடத்தை முதல் நாளே நான் கொடுத்திருக்க வேண்டும்.