ராகு காலம் பார்த்து மாற்றிய ரயில்

பிரான்சில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் படிக்கும் என் மகள், வேலைக்கான நேர்காணலுக்கு வியன்னா போக ஒரு வாரமாக ரயில்களைத் தேடித் திட்டமிட்டிருந்தாள். ஆரணியில் உட்கார்ந்துகொண்டு நான்தான் அதைக் கெடுத்தேன்.

"திங்கக்கிழமை ஏழரைக்கு மேல ராகு காலம்டி. ஒன்பதுக்கு அப்புறம் ஏறு."

"நம்ம ஊரு காலண்டர் இங்க செல்லாதும்மா," என்று சிரித்தாள். ஆனாலும் எனக்காக அடுத்த ரயிலில் ஏறினாள். அது தாமதமாகி, ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் மாற வேண்டிய வண்டி போய்விட்டது. மறுநாள் காலை நேர்காணல். போனில் அவள் சொன்னதும், "எல்லாம் என்னாலதான்டி," என்று புலம்பினேன்.

"பேஜார் ஆவாதம்மா. வேற வண்டி பாத்துகினுதான் இருக்கேன். ம்யூனிக் போய் மாறினா ராத்திரிக்குள்ள போயிடலாம்."

அப்போது அவளருகில் ஓர் ஆண் குரல் பதற்றமாக ஏதோ கேட்டது. "இரும்மா, இவருக்கும் வண்டி போயிடுச்சாம்," என்றவள், அவருக்கு ஜெர்மன் மொழியில் நிதானமாக வழி சொன்னாள். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. வேலூருக்குக்கூட நான் தனியாக அனுப்பாத பெண் அவள். போனைக் காதிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள், வேலையும் கிடைத்தது. ஆனால் வேலை கிடைத்ததை விசாரிக்க வருகிறவர்களிடம்கூட, அவள் அந்த ஸ்டேஷனில் வழி சொன்னதைத்தான் நான் முதலில் சொல்கிறேன்.