பரீட்சைக்கு வைத்த பல்

இன்று காலை லேபிலிருந்து ஒரு பல்செட் வந்தது. டப்பாவைத் திறந்ததும் ரோஸ் பிளாஸ்டிக்கைக் குழைக்கிற அந்தத் திரவத்தின் வாசம், நெயில்பாலிஷில் பெட்ரோலைக் கலந்த மாதிரி மூக்கில் ஏறியது. திருநகரில் கிளினிக் போட்ட பிறகு இது அடிக்கடி வருகிற வாசம்தான். ஆனாலும் வரும்போதெல்லாம் மாயாண்டி ஐயாவையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறது.

பல் டாக்டருக்குப் படிக்கிறவர்கள் வெளியே சொல்லாத ஒரு விஷயம் உண்டு. பரீட்சைக்கு வேண்டிய நோயாளியை நாங்களேதான் தேடிப் பிடிக்க வேண்டும். அதிலும் ஒரு பல்கூட இல்லாத வாய் என்றால் தங்கம். முழுப் பல்செட் கட்டிக் காட்டினால்தான் பாஸ். ஆகவே கடைசி வருடத்தில் நானும் கூடப்படித்த சலீமும் கோரிப்பாளையத்து டீக்கடை ஒன்றில் உட்கார்ந்து, ஒட்டிய கன்னத்தோடு யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருப்போம். வந்தால் சலீம் ஒரு ஜோக் அடிப்பான். அவர் சிரிக்கும்போது நான் உள்ளே எட்டிப் பார்ப்பேன். படித்த படிப்புக்கு இப்படியும் ஒரு பிழைப்பு.

அப்படிச் சிரித்து மாட்டியவர்தான் மாயாண்டி ஐயா. சிம்மக்கல்லில் மூட்டை தூக்கி ஓய்ந்தவர். வாய்க்குள் அழகான, உயரமான, உறுதியான ஈறு; பல்செட் ஆடாமல் உட்காரும். சலீமுக்குப் பொறுக்கவில்லை.

“என்னா ஈறுப்பா! ஏ, இவர எனக்குக் குடுத்துரு. பிரியாணி வாங்கித் தாரேன்.”

“பொண்ணு கேக்குற மாதிரில்ல கேக்குறான் பய” என்றார் ஐயா. “நான் இந்தத் தாயிக்கு வாக்குக் குடுத்துட்டேன்.”

அவருக்கு ஒரே ஆசைதான். நல்லி எலும்பைக் கடித்து உறிஞ்ச வேண்டும். பல் போனதிலிருந்து அவர் மனைவி பாண்டியம்மா கறியை அம்மியில் நசுக்கித்தான் போடுவாராம். “அது கறியா தாயி? பிள்ளைக்குக் குடுக்குற மருந்து.”

அளவெடுக்க, கடி பார்க்க என்று கூப்பிட்டபோதெல்லாம் டவுன் பஸ் ஏறி வந்தார். பல்லை முதலில் மெழுகில் அடுக்கி மாட்டிப் பார்ப்போம். அன்று கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“இம்புட்டு நாளா இந்தாளு எங்க போயிருந்தான்?” என்றார். பிறகு, “ஒரே ஒரு முறுக்கு கடிச்சுக்கிறட்டுமா?”

“மெழுகுய்யா, நசுங்கிரும்.”

“சரி சரி. சிரிக்க மட்டும் செய்றேன்.”

மெழுகு இருந்த இடத்தில் பிளாஸ்டிக் வார்த்துப் பல்செட் தயாரானது. ஆனால் எங்கள் காலேஜில் ஒரு வழக்கம். பரீட்சைக்கு என்று வைத்த பல்லை, வெளியிலிருந்து வருகிற பரீட்சகர் முன்னால்தான் முதன்முதலாக மாட்ட வேண்டும். எல்லா பேட்சும் அப்படித்தான் செய்தது. பரீட்சையோ தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. பல்செட் காய்ந்தால் வளைந்துவிடும் என்று ஹாஸ்டலில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிப் போட்டு வைத்திருந்தேன். பல் தேய்க்கும்போதெல்லாம் அது அலமாரியிலிருந்து என்னைப் பார்த்துச் சிரிக்கும். ஐயா போனில் கேட்பார்:

“தாயி, பல்லு சௌக்கியமா?”

“சௌக்கியம்யா. அடுத்த வாரம் உங்க வாய்க்கு வந்துரும்.”

அந்த அடுத்த வாரம் வருவதற்குள் ஒரு காலையில் பாண்டியம்மா கூப்பிட்டார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த ஐயா எழுந்திருக்கவே இல்லையாம். அழுதுகொண்டேதான் கேட்டார். “அந்தப் பல்ல எடுத்துட்டு வா தாயி. பொக்க வாயோட அனுப்ப மாட்டேன்.”

பாட்டிலோடு ஓடினேன். உடம்பு இன்னும் விறைத்திருக்கவில்லை. தாடையைச் சேர்த்துத் தலையில் கட்டியிருந்த வாய்க்கட்டை ஒருவர் அவிழ்த்துவிட்டார். மேல் செட்டை வைத்தேன். விழுந்தது. தண்ணீரில் நனைத்து வைத்தேன். மறுபடியும் நாக்கின் மேல் விழுந்தது. மேல் செட்டை அண்ணத்தோடு பிடித்து நிறுத்துவது எச்சில்தான். புத்தகத்தில் படித்து, வாய்மொழிப் பரீட்சையில் ஒப்பித்த விஷயம். அந்த வாயில் எச்சில் ஊற இனி வழியில்லை என்பது என் விரலுக்குத் தெரிந்தபோதுதான் அவர் செத்துப்போனதே எனக்கு உறைத்தது.

“கட்டுனா நிக்கும்மா” என்றார் அவிழ்த்தவர். நான் இரண்டு செட்டையும் பிடித்துக்கொள்ள, அவர் துணியை இறுக்கிக் கட்டினார். நின்றது. கன்னம் நிரம்பியது. உதடு முன்னால் வந்தது. பாண்டியம்மா குனிந்து பார்த்தார்.

“அடப் பாவி மனுசா, இந்த மொகத்தத்தானய்யா நான் கட்டிக்கிட்டு வந்தேன்.”

பிறகு யாரோ ஐயா வாயில் அரிசியிட வந்தார்கள். கட்டு இறுகியிருந்தது, உதட்டின் மேலேயே போட்டார்கள். தத்தனேரிச் சுடுகாட்டுக்குத் தூக்கியபோது நான் மற்ற பெண்களோடு தெருமுனையில் நின்றுவிட்டேன்.

பரீட்சைக்குச் சலீம் தன்னிடம் மிச்சமிருந்த ஒரு நோயாளியைக் கொடுத்தான். பாஸானேன். பிரியாணியைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

ஐயாவின் ஈற்றை அளவெடுத்து வார்த்த வெள்ளை பிளாஸ்டர் அச்சு ஒன்று என்னிடம் இருந்தது. வீடு மாறியபோது அம்மா, “என்னடி இது கண்றாவி” என்று குப்பையில் போட்டுவிட்டார். மேம்பால வேலை வந்து டீக்கடையையும் எடுத்துவிட்டார்கள். இப்போது நான் பல்செட்டை வந்த அன்றைக்கே மாட்டி அனுப்பிவிடுகிறேன். இன்றைக்கு வந்ததற்கு உரியவர் சாயங்காலம்தான் வருவதாக இருந்தார். போன் போட்டு, “இப்பவே வந்துருங்கய்யா” என்றேன்.

“என்னம்மா அவசரம்? சாப்பிட்டு வாரேனே.”

“வேண்டாம்யா,” என்றேன். “வந்து மாட்டிக்கிட்டுப் போய்ச் சாப்பிடுங்க.”