குரோம்பேட்டையில் இறக்கிவிட்ட கூட்டல் கணக்கு

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பல்லாவரத்தில் இறங்க வேண்டிய நானும் என் பெண்ணும் குரோம்பேட்டையில் இறங்கி, போகிற வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கல்யாணமாகித் தாம்பரம் வந்த நாளிலிருந்து இதே மின்சார ரயில் லைனில் பீச் ஸ்டேஷன் வரைக்கும் ஆபீஸ் போய் வருகிறவள் நான். கண்ணை மூடிக்கொண்டே எந்த ஸ்டேஷன் என்று சொல்லிவிடுவேன் என்று பெருமை வேறு. அன்றைக்கு நிஜமாகவே கண்ணை மூடியிருந்தேன்... நல்ல தூக்கம். அதுதான் வினை.

தூங்குவதற்கு முன்னால் பொறுப்பைப் பவித்ராவிடம் கொடுத்திருந்தேன். பவித்ரா என் பெண். யு.கே.ஜி. சித்தி வீடு மூன்றாவது ஸ்டேஷன், நீ எண்ணிக்கொண்டே வந்து என்னை எழுப்பு என்று சொல்லியிருந்தேன். தாம்பரத்தில் ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம். மூன்று. இதில் குழப்பம் வர என்ன இருக்கிறது?

வந்தது. குழந்தை கையைப் பிடித்து இழுத்தாள். எழுந்தேன். அரைத் தூக்கத்தில் இறங்கினேன். போர்டைப் பார்த்தால் குரோம்பேட்டை.

திட்ட வாயைத் திறந்தேன். என் கோபம் உங்களுக்குத் தெரியாததா? கேஸ் சிலிண்டர்காரரோடு நான் போட்ட சண்டையை இதே பக்கத்தில் படித்துவிட்டு, 'அம்மா, கொஞ்சம் நிதானம்' என்று கார்டு போட்டவர்களே எத்தனை பேர்! ஆனால் திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் எங்கள் வீட்டில் நடந்துகொண்டிருந்த கூத்தைச் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் கிளாஸ் மிஸ் என்னைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். பவித்ரா நன்றாகப் பாடுகிறாளாம், ரைம்ஸ் சொல்கிறாளாம், கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதாம். கணக்கு மட்டும் வரவில்லையாம். ஸ்லேட்டில் கொடுத்த கூட்டல் அத்தனையும் தப்பு. அதனால் திங்கட்கிழமை ஹெச்.எம். கூப்பிட்டு வாய்க்கணக்குக் கேட்பார். அதிலும் சொல்லவில்லை என்றால் இன்னொரு வருஷம் யு.கே.ஜி.யிலேயே உட்கார வேண்டியதுதான்.

ஒரு வருஷம்தானே, என்ன குடிமுழுகிவிடும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் அந்த மிஸ் இதையெல்லாம் குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டார். அன்றைக்குச் சாயங்காலமே கீழ் வீட்டு அங்கிள் 'என்னம்மா படிக்கிறே?' என்று சும்மா கேட்டதற்கு, 'எனக்குக் கணக்கு வராது அங்கிள்' என்றாள். பால் பூத்தில் சொன்னாள். ரிக்‌ஷாக்காரரிடம் சொன்னாள். பேரைக் கேட்டால் பேரைச் சொல்கிற மாதிரி, அவ்வளவு சாதாரணமாக.

ஒன்றாம் கிளாஸ் போனால் என்ன, போகாவிட்டால் என்ன... இந்த 'வராது' அவள் வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டால் அப்புறம் யார் பிய்த்தெடுப்பது?

ஆரம்பித்தேன் டியூஷனை. புளியங்கொட்டையைக் கொட்டி, இங்கே அஞ்சு, அங்கே மூணு, எல்லாம் சேர்த்து எண்ணு என்றால் டக்கென்று எட்டு என்பாள். ஆனால் ஹெச்.எம். ரூமில் புளியங்கொட்டைக்கு எங்கே போவது? அங்கே கை கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். விரல்கூட மடக்க முடியாது. அதனால் நம் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்த அதே வழியைச் சொல்லிக்கொடுத்தேன். 'மனசுல அஞ்சு வெச்சுக்கோ. மேல மூணு எண்ணு. எவ்வளவு?'

'ஏழு.'

'நல்லா யோசிச்சுச் சொல்லு.'

யோசித்தாள். 'ஏழு.'

கத்தினேன். அவள் அழுதாள். அவள் அழுவதைப் பார்த்து நானும் அழுதேன். சாம்பார் அடிப்பிடித்தது. இப்படியே போயிற்று ஒரு வாரம்.

என் வீட்டுக்காரர் மறைமலை நகரில் ஒரு பாக்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷனில் இருக்கிறார். வண்டிக்குப் போகிற உதிரி பாகங்களை அளந்து, இது தேறும், இது தேறாது என்று பிரித்துப் போடுகிற வேலை. வீட்டிலும் அதிகம் பேச மாட்டார், அளந்துதான் பேசுவார். சனிக்கிழமை ஷிப்டுக்குக் கிளம்புகிறபோது பவித்ராவின் ஸ்லேட்டைக் கையில் எடுத்து ஒரு நிமிஷம் பார்த்தார்.

"எல்லாமே ஒண்ணு கம்மி" என்றார். "பத்து பீஸும் பத்து விதமா தப்பா வந்தா மெஷின்ல கோளாறு. பத்தும் ஒரே மாதிரி தப்பா வந்தா மெஷின் நல்லாத்தான் இருக்கு. செட்டிங்கைத்தான் பார்க்கணும்."

எனக்கு வந்ததே கோபம்! குழந்தை என்ன உங்கள் லேத் மெஷினா, பெற்ற பெண்ணை இப்படியா பேசுவது என்று பிடிபிடியென்று பிடித்தேன். மனிதர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பதில் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு கோபம் வந்திருக்காது.

இப்போது குரோம்பேட்டை பிளாட்பாரத்துக்கு வாருங்கள்.

மூன்றாவது ஸ்டேஷனுக்குப் பதிலாக இரண்டாவதில் நிற்கிறோம் என்றதும், வீட்டுக்காரர் ஸ்லேட்டைப் பார்த்துச் சொன்னது ஞாபகம் வந்துவிட்டது. திறந்த வாயை மூடிக்கொண்டு, எப்படி எண்ணினாய் என்று கேட்டேன். குழந்தை முகம் சுண்டிப்போயிருந்தது. அடுத்த திட்டு வரப்போகிறது என்று தயாராக நின்றாள்.

"தாம்பரம் ஒண்ணு. சானடோரியம் ரெண்டு. குரோம்பேட்டை மூணு. சரியாத்தானே எண்ணினேன்?"

ஒண்ணு கம்மி.

மண்டையில் யாரோ நறுக்கென்று குட்டின மாதிரி இருந்தது. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, அஞ்சோட மூணு எப்படி எண்ணுவே, எனக்குக் கேட்கிற மாதிரி எண்ணு என்றேன். ஒரு விரலை மடக்கி அஞ்சு என்றாள். அடுத்த விரலுக்கு ஆறு. மூன்றாவது விரலுக்கு ஏழு. மூன்று விரல் முடிந்தது. ஏழு.

பாருங்கள், குழந்தை எண்ணியதில் ஒரு பிசகும் இல்லை. ஆரம்பித்த இடம்தான் பிசகு. மனதில் வைத்திருக்கிற அஞ்சையும் இன்னொரு தடவை எண்ணிவிடுகிறாள். இதைத்தானே அந்த மனிதர் செட்டிங் என்றார்!

சரி, இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? வெளியிலிருந்து வரவில்லை. எங்கள் வீட்டுக்காரருக்கு வார லீவு மாறி மாறி வரும். அப்பாவுக்கு லீவு வர எத்தனை நாள் என்று இவள் தினமும் கேட்பாள். நான் அவள் விரலைப் பிடித்து மடக்குவேன்: இன்னிக்கு ஒண்ணு, நாளைக்கு ரெண்டு, நாளன்னிக்கு மூணு. நான் மட்டுமா? குழந்தை பிறந்து பதினோராம் நாள் பேர் வைக்கிறோம். பிறந்த அன்றைக்கே ஒன்று. டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தால் 'இன்னியோட சேத்து' எத்தனை நாள் என்று கேட்டுக்கொள்கிறோம். நாம் எல்லோரும் நிற்கிற இடத்தையும் சேர்த்து எண்ணுகிற ஆட்கள்தான். நாளுக்கு அது சரி. கூட்டலுக்குச் சரிப்படாது. எதற்கு எது என்று நாம் சொல்லாமலே விட்டால் யு.கே.ஜி. குழந்தைக்கு எப்படித் தெரியும்?

அடுத்த வண்டி வர நேரம் இருந்தது. பிளாட்பாரத்தில் வரிசையாகக் கூரைத் தூண்கள். ஒரு தூண் பக்கத்தில் அவளை நிறுத்தி, ஒவ்வொரு தூணும் ஒரு ஸ்டேஷன், நீ இப்போது அஞ்சாம் நம்பர் ஸ்டேஷனில் ஏறியாச்சு, மூன்று ஸ்டேஷன் போகணும் என்றேன். உடனே நிற்கிற தூணைத் தட்டி 'ஒண்ணு' என்றாள்.

"அது ஏற்கெனவே நம்மகிட்ட இருக்கு, கண்ணு. வண்டி இன்னும் கிளம்பவே இல்லியே. கிளம்பினப்புறம்தான் எண்ணணும்."

என்னைப் பார்த்தாள். தூணைப் பார்த்தாள். பிறகு வாயால் ஹார்ன் அடித்துவிட்டு ஓடினாள். ஆறு. ஏழு. எட்டு. எட்டாம் தூணைக் கட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. நாலில் ஏறினாள், ஆறில் ஏறினாள். பக்கத்தில் வெள்ளரிப் பிஞ்சு விற்றுக்கொண்டிருந்த அம்மா, "இன்னாம்மா, கொயந்தைய இந்த வெய்யில்ல ஓட வுட்டுகினு குந்திகினு கீறே?" என்று என்னைக் கண்டித்தார். கணக்குப் பாடம் என்றேன். ஒரு மாதிரி பார்த்தார்.

இன்னொன்றும் நடந்தது. அது நான் சொல்லிக்கொடுத்தது இல்லை. ரெண்டும் ஏழும் எவ்வளவு என்று கேட்டேன். ரெண்டாம் தூணில் போய் நின்றவள், முன்னால் நீளுகிற தூண்களைப் பார்த்தாள். ஓடி ஓடிக் களைத்துப்போயிருந்தாள். 'ஏழுலயே ஏறிக்கிறேனே... ரெண்டு ஸ்டேஷன்தானே போகணும்' என்றாள். நான் மலைத்துப்போனேன். பெரிய நம்பரில் ஆரம்பித்தால் வேலை கம்மி என்று சோம்பேறித்தனம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டது. அப்பா சாயல்.

அத்தோடு எல்லாம் சுபம் என்று நினைக்காதீர்கள். சித்தி வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்து, சாப்பிடும்போது அஞ்சும் மூணும் கேட்டால்... ஏழு. கத்தக்கூடாது, கத்தக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, வண்டி கிளம்பிடுச்சா என்று மட்டும் கேட்டேன். தட்டு ஓரத்தில் விரலை மூன்று தடவை நகர்த்திவிட்டு, எட்டு என்றாள்.

திங்கட்கிழமை ஆபீசுக்கு லீவு போட்டேன். பெற்றோர் உள்ளே வரக்கூடாது என்றார்கள். வராந்தா ஜன்னலுக்கு வெளியே நின்றேன். உள்ளே ஹெச்.எம். மேடம், மேஜை, எதிரே கை கட்டிக்கொண்டு என் பெண். கடவுளே, எவ்வளவு சின்னதாக இருந்தாள் தெரியுமா?

'போர் ப்ளஸ் த்ரீ?'

பவித்ரா கை கட்டியபடியே முன்னால் மூன்று அடி வைத்து, செவன் என்றாள். பதில் சரி. ஆனால் மேடம் கண்ணாடிக்கு மேலே பார்த்து, எங்கே போகிறாய், அங்கேயே அசையாமல் நில்லு என்று சொல்லிவிட்டார். நடக்கக்கூடாது என்றால் இவள் எப்படிப் போவாள்?

'சிக்ஸ் ப்ளஸ் டூ?'

பவித்ரா சுற்றுமுற்றும் பார்த்தாள். கண் ஜன்னலுக்கு வந்தது. என்னைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். இல்லை, ஜன்னல் கம்பிகளைப் பார்த்தாள். ஒரு கம்பியில் கண்ணை நிறுத்தி, மெதுவாக அடுத்த கம்பி, அதற்கடுத்த கம்பி. 'எய்ட்.'

எனக்கு மூச்சு வந்தது.

'டூ ப்ளஸ் நைன்?'

கம்பிகளைப் பார்த்தாள், மேடத்தைப் பார்த்தாள். மேடம் பேனாவைத் திறந்தார். ஒரு வருஷம் போச்சு என்றே நினைத்துவிட்டேன்.

"நைன்ல ஏறிக்கலாமா மிஸ்?"

"என்னது?"

"டூல ஏறினா ரொம்ப தூரம் போகணும் மிஸ்."

மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு, "சரி, ஏறிக்கோ" என்றார்.

"டென்... லெவன்."

என்னை உள்ளே கூப்பிட்டார்கள். குழந்தையை இன்னொரு வருஷம் உட்கார வைக்க வேண்டியதில்லை, ஒன்றாம் கிளாசுக்குப் புஸ்தகம் வாங்கிவிடுங்கள் என்றார் மேடம். நான் நன்றி சொன்னேனா என்றுகூட ஞாபகம் இல்லை. வெளியே வந்து குழாயடித் திட்டில் உட்கார்ந்துவிட்டேன். அத்தனை நாள் எவ்வளவு பயந்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. முதுகில் இருந்த மூட்டையை யாரோ வாங்கிக்கொண்ட மாதிரி உடம்பே லேசாகிவிட்டது. கண்ணில் தண்ணீர் பாட்டுக்குக் கொட்டுகிறது. பவித்ரா பதறிப்போய், நான் எல்லாம் கரெக்டாத்தானே சொன்னேன், ஏன் அழறே என்று என் முந்தானையாலேயே என் முகத்தைத் துடைத்தாள்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து விஷயத்தைக் கேட்டார். 'அதான் சொன்னேனே' என்று சொல்லிக் காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தாலும் அன்றைக்குச் சண்டை போட்டிருக்க மாட்டேன். அவரோ பெண்ணைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கீழே போய்விட்டார். மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். கீழ் வீட்டு அங்கிளை நிறுத்தி வைத்து, அவருக்கு இரண்டும் ஒன்பதும் எப்படிக் கூட்டுவது என்று மேடம் பவித்ரா வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். பாவம், அவர் ரெண்டிலிருந்து ஆரம்பித்து விரல் விட்டுக்கொண்டிருந்தார்.

உங்கள் வீட்டிலும் ஒரு குழந்தை ஸ்லேட்டை வைத்துக்கொண்டு இப்போது விசும்பிக்கொண்டிருக்கலாம். தாராளமாகத் திட்டுங்கள், நானா தடுக்கப்போகிறேன்? அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள்... 'கண்ணு, நீ எங்கேருந்து எண்ணினே?'