சர்ச் பக்கம், டேங்க் பக்கம்

போன வாரம் ஓசூர் பஸ்ஸிலிருந்து திண்டுக்கல்லில் இறங்கியபோது, பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒரு பழைய கார் திரும்ப முடியாமல் முனகிக்கொண்டிருந்தது. பவர் ஸ்டியரிங் ஆயிலில் காற்று புகுந்தால் பம்ப் அப்படித்தான் முனகும். ஆயில் குறைவு, பெல்ட் தொய்வு, ஹோஸ் கசிவு என்று மனது தானாகக் காரணங்களை அடுக்கியது. இது என் வியாதி. மளிகைச் சாமானுக்கே நம்பர் போட்டுத்தான் எழுதுவேன்.

எங்கள் கார் அப்பாவுடையது. அவர் இறந்த மறு வருஷம் அம்மா அதில்தான் ஓட்டப் பழகினாள். சித்தையன்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். மணிக்கட்டு முறிந்து கூடிய கை என்பதால், ஸ்டியரிங் கனத்துவிட்டால் அன்றைக்கு போர்டில் எழுத முடியாது. அதில் பவர் ஸ்டியரிங் ஆயில் கசிந்துகொண்டே இருந்தது; முழுதாக நிறுத்த அந்த மாடலுக்குப் பாகம் கிடைக்கவில்லை. ஆகவே ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு, முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, ஆயில் ஊற்றிக் காற்றெடுப்போம். அந்தச் சிவப்பு ஆயில் கையில் பட்டால் மத்தியானச் சோறு வரைக்கும் வாசம் போகாது.

இது ஒற்றை ஆள் வேலை இல்லை. இன்ஜினை அணைத்துவிட்டு, ஒருவர் ஸ்டியரிங்கைக் கோடிக்குக் கோடி மெதுவாகத் திருப்ப வேண்டும். இன்னொருவர் பானெட்டைத் தூக்கி நிறுத்தி, ஆயில் டப்பாவில் நுரை அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். முதல் நாள் நான் "லெஃப்ட்" என்று கத்தினேன். காருக்கு எதிரே நிற்கும் எனக்கு லெஃப்ட், உள்ளே ஸ்டியரிங்கில் இருக்கும் அம்மாவுக்கு ரைட் என்பது தோன்றவில்லை.

"மெக்கானிக்கல் படிச்ச புள்ளைக்குச் சோத்தாங்கை எதுன்னு தெரியல. நல்லாத்தேன் படிச்ச."

எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் சர்ச், மறு பக்கம் தண்ணீர் டேங்க். அதன்பிறகு சர்ச் பக்கம், டேங்க் பக்கம் என்று வைத்துக்கொண்டோம்.

தூக்கிய பானெட் எங்கள் இருவர் முகத்தையும் மறைத்துவிடும். அதனால்தானோ என்னவோ, வீட்டுக்குள் பேசாததையெல்லாம் அம்மா அங்கே பேசினாள். "ஒங்கப்பா போனப்ப எனக்கு அழுக வரல தாயி. கோவந்தேன் வந்துச்சு. எல்லாத்தையும் எந்தலையில போட்டுட்டுப் போய்ட்டாரேன்னு." நுரை அடங்கியதும், "டேங்க் பக்கம்" என்றேன். ஸ்டியரிங் திரும்பியது.

ஓசூரில் வேலை கிடைத்ததையும் நான் பானெட்டிடம்தான் சொன்னேன்.

"எப்பப் போகணும்?"

"அடுத்த மாசம்."

இரண்டு சுற்று திருப்பினாள். "அப்ப ஆயில யாரு பாப்பா?"

நான் அதை ஆயிலைப் பற்றிய கேள்வி என்று எடுத்துக்கொண்டேன். வத்தலக்குண்டு ரோட்டுப் பட்டறையில், சக்கரங்களைத் திருப்பும் ரேக்கில் பவர் இல்லாத சாதா ரகமும், விபத்தான வேறொரு காரிலிருந்து கழற்றிய, ஆயிலுக்குப் பதில் கரண்டில் ஓடும் மோட்டார் ஸ்டியரிங்கும் பொருத்த ஏற்பாடு செய்தேன். அளவு சேராத இடங்களில் கடைசல் பிடிக்க வேண்டியிருந்தது. நாலு நாள் கூடவே நின்றேன். பம்ப் இல்லை, பெல்ட் இல்லை, ஹோஸ் இல்லை, ஆயில் இல்லை என்று நோட்டில் ஒவ்வொன்றாக அடித்தபோது பெருமையாகக்கூட இருந்தது. அம்மா ஒரு வட்டம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஒத்த வெரலு போதும் போலயே" என்றாள்.

இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை செய்ய ஒரு வேலையும் இல்லை. எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அம்மா தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனத்தை என் பக்கம் தள்ளிவைக்கிறாள்.

போன மாதம் அம்மாவுக்கு நெஞ்சு படபடத்து, ஆஸ்பத்திரியில் ஒரு பகல் படுத்திருந்தது போன வாரம் வந்தபோது பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"ஏம்மா எனக்குப் போன் பண்ணல?"

"ஸ்டீரிங்குதேன் லேசா இருக்கே. நானே ஓட்டிட்டுப் போய்ட்டேன்."

என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். நடுவில் பானெட் இல்லை. பிறகு வெஞ்சனத்தை என் பக்கம் தள்ளிவைத்தாள்.