மங்குக் கம்பியில் ஓடிய மோட்டார் சைக்கிள்

ஜப்பான்காரன் காலத்தில் சிரம்பானுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். பேனாவுக்கு முனை மாற்றத் தெரியும். இயந்திர அறிவு அதோடு சரி. அப்படியிருந்தும், தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸரின் மோட்டார் சைக்கிளில் செயின் அறுந்த காலையில், "நான் மாட்டித் தர்றேன் சார்" என்று முந்திக்கொண்டது என் வாய்தான்.

சும்மா நிற்கவும் முடியவில்லை. என் மனைவி மூன்று நாளாக மலேரியாவில் நடுங்கிக்கொண்டிருந்தாள். தோட்டத்தில் கொய்னா மாத்திரை தீர்ந்துவிட்டது. சிரம்பான் போய் வாங்கிவர டிரெஸருக்குக் கிடைத்த பாஸ் அன்று ஒரு நாள்தான் செல்லும்.

ஆலையில் ரப்பர் உருட்டும் மெஷின் ஓடாமல் கிடந்தது. முன்பு அதை ஓட்டிய அம்மாள் மரவள்ளிக் கொல்லையிலிருந்து மண் கையோடு வந்தார். மெஷினின் செயினும் இதே அகலம் என்று சொல்லிக் கழற்றிக்கொண்டு வந்தார். இரண்டு செயினையும் தரையில் அருகருகே நீட்டி, கூடுதலாக இருந்த கண்ணிகளை ஆணி வைத்துத் தட்டி எடுத்தார். வண்டியில் ஏற்றி, இரண்டு முனைகளையும் பின்சக்கரத்துப் பற்களில் உட்கார வைத்தார். யாரும் பிடிக்கத் தேவையில்லாதபடி அது நின்றது. நான் பிடித்துக்கொண்டேன்.

முனைகளைச் சேர்க்கும் கண்ணியைப் பழைய செயினிலிருந்து எடுக்க வேண்டும். அது கழன்றுவிடாமல் காப்பது சுண்டுவிரல் நகமளவு லாக்கு. அதைக் கழற்றும் பொறுப்பை நான் வலிய வாங்கிக்கொண்டேன். திருப்புளியால் ஒரே நெம்பு. லாக்கு பறந்துவிட்டது.

"கிராணியாரே, எந்தப் பக்கம் போச்சு?" என்றார் டிரெஸர்.

"மேல போச்சு சார்."

"இன்னும் அங்கதான் இருக்கோ?"

நாங்கள் இருவரும் புல்லில் தவழ்ந்தோம். அந்த அம்மாள் தேடவே இல்லை. பக்கத்து ரப்பர் மரத்துக்குப் போய், பால் வடியும் மங்குக் கிண்ணத்தைத் தாங்கியிருந்த கம்பியைக் கழற்றி வந்தார். கண்ணியின் இரண்டு முளைகளிலும் இருந்த பள்ளத்தில் அதைச் சுற்றி, குறடால் முறுக்கி, வாலைப் பின்பக்கமாக மடக்கினார்.

"முன்பக்கமா மடக்குனா பலமா இருக்காதா?" என்றேன். எனக்கும் ஏதாவது சொல்லவேண்டி இருந்தது.

"செயின் ஓடுற தெசையப் பாருங்கய்யா. வாலு முன்னால நின்னா எதுலயாச்சும் மாட்டி அவுந்துரும். இது சட்டப் பையில பேனா குத்துற வேல இல்ல."

சக்கரத்தைக் கையால் சுற்றினார். செயினை விரலால் தூக்கித் தளர்ச்சி பார்த்தார். அவர் கையில் ஓர் அசைவும் வீணாகவில்லை. அந்த இடத்தில் தேவைக்கு மேல் இருந்தது நான் ஒருவன்தான்.

"மெதுவாப் போங்க சார்லா. வழியில ரஹாங் வந்ததும் ஒருக்கா எறங்கிக் கம்பியப் பாத்துக்குங்க" என்றார் டிரெஸரிடம்.

பெட்ரோலுக்குப் பதில் ரப்பரைக் காய்ச்சி இறக்கிய எண்ணெயில் ஓடிய வண்டி, புகையைக் கக்கிக்கொண்டு போனது. பொழுது சாய்வதற்குள் திரும்பியும் வந்தது, கொய்னாவோடு. கம்பி அசையவில்லை.

நடுக்கம் நின்ற அன்று மனைவி கேட்டாள்: "செயின் நீங்களா போட்டீங்க?"

"ஆலையில மெஷின் ஓட்டுமே, அந்த அம்மா."

"அதான் மருந்து வந்து சேந்துச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.