பின் இருக்கையில் ஒன்று

துறைமுகச் சுங்க அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'பட்டன் சார்'. வெளிநாட்டிலிருந்து வந்திறங்கும் காரில் ஏறி உட்கார்ந்தால் ஒரு பொத்தானையும் சும்மா விடமாட்டார். பார்க்க ஒரே கார்தான்; ஆனால் சாதாரண ரகமா, உயர்ந்த ரகமா என்பதில்தான் வரி இருக்கிறது. கூரையில் கண்ணாடி, தோல் இருக்கை, பின்பக்கக் கேமரா என்று கூடச் சேரும் ஒவ்வொன்றுக்கும் காரின் மதிப்பு ஏறும், வரியும் ஏறும். அதனால் பாதிப் பேர் படிவத்தில் 'சாதாரண ரகம்' என்று எழுதிவிட்டு முகத்தை அப்பாவியாக வைத்துக்கொள்வார்கள். அவரிடம் அந்தப் பருப்பு வேகாது.

ஏழு வருடத்துக்கு முன் அதை வேகவைக்கப் பார்த்தவன் அவருடைய சொந்த மகன். நண்பன் வரவழைத்த காருக்காக வந்து நின்றான்.

"அந்தக் கூரைக் கண்ணாடிய மட்டும் கண்டுக்காம விடுங்கப்பா."

அவர் கண்டுகொண்டார். எழுதியும் விட்டார். நண்பன் முன்னால் அவமானப்பட்ட மகன் அடுத்த மாதமே வெளிநாடு போய்விட்டான். அதோடு பேச்சுவார்த்தை இல்லை. மனைவி முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால் நடுவில் நின்று சமாதானம் பேசவும் ஆளில்லை. வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், அவர். பிடிவாதத்துக்கு மட்டும் குறைச்சலில்லை.

இன்று காலை வந்த கார்களின் பட்டியலில் மகனின் பெயர் இருந்தது. ஊர் திரும்புகிறான் போலிருக்கிறது. அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உறவினரின் காரை அதிகாரி சோதிக்கக்கூடாது என்பது விதி. பக்கத்து மேஜைக்காரரிடம் படிவத்தைப் படிக்காமலே தள்ளிவிட்டுக் காரிலிருந்து பத்தடி தள்ளி நின்றார். மகன் எதையாவது மறைத்திருந்தால் பழைய சண்டை அப்படியே கிடக்கிறது என்றுதானே அர்த்தம்?

மேஜைக்காரர் சத்தமாகப் படித்தபடி சரிபார்த்தார். "உயர்ந்த ரகம். கூரைக் கண்ணாடி, இருக்கு. தோல் சீட்டு, இருக்கு. கேமரா, இருக்கு. சார், உங்க பையன் கால்மிதியக்கூட விடாம எழுதியிருக்காரு!"

அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பேசாதவன் தனக்காகத்தான் ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறான் என்று பட்டது.

"கடைசியா ஒண்ணு. பின் சீட்டுல மடக்கி வெச்ச குழந்தை சீட்டு, ஒண்ணு."

மேஜைக்காரர் பட்டையை இழுக்க, சின்ன இருக்கை எழும்பியது. இடுக்கில் பிஸ்கட் தூள். பட்டன் சார் விதியை மறந்து கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். கை எதையும் தொடவில்லை.

"சொல்லவே இல்லையே சார்! பேரனா, பேத்தியா?"

அவர் படிவத்தை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினார்.

"அது இதுல எழுதலையேப்பா" என்றார்.